வீடியோவை இணைப்பது வேறு, சுருக்குவது வேறு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதத்திலேயே எழும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் கல்யாண டிவிடியை இதில் ஏற்றி வைக்க முடியுமா? இரண்டு டிஸ்க்காக இருப்பதை ஒன்றாக்க முடியுமா? இடம் அதிகம் பிடிக்காமல் செய்ய முடியுமா?"

மூன்றுக்கும் பதில் முடியும் என்பதுதான். ஆனால் இவை மூன்றும் ஒரே வேலை அல்ல. முதலாவது காப்பி செய்வது. இரண்டாவது இணைப்பது. மூன்றாவது சுருக்குவது. இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணி, கையில் கிடைத்த ஏதோ ஒரு கன்வெர்ட்டர் புரோகிராமில் போட்டு எடுப்பவர்கள்தான், "பைல் சின்னதாகிவிட்டது, ஆனால் தாலி கட்டும்போது முகமே தெரியவில்லையே" என்று பின்னால் வருந்துகிறார்கள். காப்பி செய்வதாலும் இணைப்பதாலும் வீடியோவின் தரம் ஒரு துளிகூடக் குறையாது. சுருக்குவதால் மட்டுமே குறையும். எனவே முதல் இரண்டையும் தாராளமாகச் செய்யலாம். மூன்றாவதைக் கணக்குப் பார்த்து, ஒரே ஒரு முறை செய்ய வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

திருவள்ளூர் மாவட்டத்தையே எடுத்துக் கொள்வோம். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இந்த மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த அந்த லேப்டாப்தான் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். அதே வீடுகளின் ஷோகேஸில், 2000களில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா எல்லாம் விசிடியாகவும் டிவிடியாகவும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஓட்டிய பிளேயர் பழுதாகி மூலைக்குப் போயிருக்கும். இன்று கடையில் வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் டிஸ்க் டிரைவே கிடையாது.

டிஸ்க்கும் நிரந்தரமானது அல்ல. கடையில் விற்ற சினிமாப் பட டிஸ்க் தொழிற்சாலையில் அச்சிடப்பட்டது. கல்யாண டிஸ்க் அப்படியல்ல. ஸ்டுடியோக்காரர் தன் கம்ப்யூட்டரில் ரைட் செய்து கொடுத்தது. இதில் தகவல்கள் ஒரு மெல்லிய சாயப் பூச்சில் பதிவாகியிருக்கும். வெயிலும் வெப்பமும் ஈரமும் இந்தப் பூச்சைக் கெடுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் இந்த மாவட்டத்தில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ரேஷன் கார்டையும் நகையையும் எடுக்கத் தோன்றும். ஷோகேஸ் டிஸ்க்கை எடுக்கத் தோன்றாது.

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931-ல் வெளிவந்தது. அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. ஊரே பார்த்த படத்துக்கே அந்த நிலை என்றால், உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள உங்கள் வீட்டு வீடியோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டிஸ்க்கின் உள்ளே என்ன இருக்கிறது?

உங்கள் லேப்டாப்பில் டிரைவ் இல்லை என்றால், யுஎஸ்பி போர்ட்டில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள் அல்லது தெரிந்தவரிடம் இரண்டு நாளைக்கு இரவல் கேளுங்கள். டிஸ்க்கைப் போட்டு, அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து ஓப்பன் கொடுத்தால் உள்ளே உள்ள போல்டர்கள் தெரியும்.

எம்பெகாவ் என்ற போல்டர் இருந்தால் அது விசிடி. அதனுள் ஏவிசெக்01.டேட் என்ற பெயரில் பெரிய பைல் ஒன்று இருக்கும். அதுதான் வீடியோ. படத்தின் அளவு 352 x 288 பிக்ஸல். ஒரு டிஸ்க்கில் 74 முதல் 80 நிமிடம் வரை அடங்கும்.

வீடியோ_டிஎஸ் என்ற போல்டர் இருந்தால் அது டிவிடி. அதனுள் விடிஎஸ்_01_1.விஓபி, விடிஎஸ்_01_2.விஓபி, விடிஎஸ்_01_3.விஓபி என்று வரிசையாகப் பைல்கள் இருக்கும். படத்தின் அளவு 720 x 576 பிக்ஸல். ஒவ்வொரு பைலும் ஏறத்தாழ 1 ஜிபி இருப்பதைக் கவனியுங்கள். டிவிடி வரையறைப்படி ஒரு விஓபி பைல் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் ஓடிக் கொண்டிருக்கும் ஒரே வீடியோவை, பொருளைப் பற்றிக் கவலைப்படாமல், 1 ஜிபி ஆனதும் அறுத்து அடுத்த பைலில் தொடர்கிறார்கள். மாலை மாற்றும் காட்சி பாதியில் நின்று அடுத்த பைலில் தொடர்வது இதனால்தான். முடிவில் 0 என்ற எண் உள்ள விடிஎஸ்_01_0.விஓபி பைல் இருந்தால் அது மெனுவுக்கானது, வீடியோ அல்ல.

முதல் வேலை: காப்பி

விசிடி, டிவிடி இரண்டும் உங்களிடம் இருந்தால் முதலில் விசிடியைக் காப்பி செய்திடுங்கள். காரணம் இருக்கிறது. 700 எம்பி சிடியில் சுமார் 800 எம்பி வீடியோவை எப்படி அடைத்தார்கள் என்று யோசித்ததுண்டா? சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் இடத்தைப் பிழை திருத்தத்துக்கென ஒதுக்குவார்கள். கீறல் விழுந்தாலும் அந்தக் கூடுதல் தகவலை வைத்து டிரைவ் சரி செய்து கொள்ளும். விசிடியில் அந்த இடத்தில் பெரும்பகுதியை வீடியோவுக்கே எடுத்துக் கொண்டார்கள். எனவே கீறல் விழுந்தால் முதலில் மக்கர் செய்வது விசிடிதான்.

கம்ப்யூட்டரில் டிஸ்க்1, டிஸ்க்2 என்று தனித்தனிப் போல்டர்களை உருவாக்குங்கள். இரண்டு டிஸ்க்கிலும் உள்ள பைல்களுக்கு ஒரே பெயர் என்பதால், ஒரே போல்டரில் காப்பி செய்தால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு முதல் டிஸ்க் காணாமல் போய்விடும். விசிடியில் டேட் பைலை மட்டும் காப்பி செய்தால் போதும். டிவிடியில் வீடியோ_டிஎஸ் போல்டரை அப்படியே முழுவதுமாகக் காப்பி செய்திடுங்கள்.

காப்பி பாதியில் நின்றால் பதற வேண்டாம். டிஸ்க்கை எடுத்து, சுத்தமான மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிறகு வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் டிஸ்க்கை இன்னொன்று படிப்பது சகஜம். சிடியில் லேபிள் பக்கத்தை அதிகக் கவனத்துடன் கையாளுங்கள். தகவல் பதிவான பூச்சு லேபிளுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தகவலின் மேலேயே கோடு போட்டது போல ஆகும்.

காப்பி செய்த பைல்களை விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். இந்த இலவசப் புரோகிராம் டேட், விஓபி இரண்டையும் நேரடியாக இயக்கும்.

இரண்டாவது வேலை: இணைப்பு

இணைப்பது என்பது, முதல் பைலின் வாலில் இரண்டாவது பைலின் தலையை ஒட்டுவது. உள்ளே உள்ள படத்தைப் புரோகிராம் தொடவே தொடாது. தொடாததால் தரமும் குறையாது.

இதற்கு அவிடெமக்ஸ் என்ற இலவசப் புரோகிராம் நல்லது. அதனுடைய சொந்த இணைய தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். பின்னர் கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. பைல் மெனுவில் ஓப்பன் கிளிக் செய்து, டிஸ்க்1 போல்டரில் உள்ள விடிஎஸ்_01_1.விஓபி பைலைத் தேர்ந்தெடுக்கவும்.

2. இதே வரிசையில் மேலும் பைல்கள் உள்ளன, அவற்றையும் சேர்க்கவா என்று புரோகிராம் கேட்கும். யெஸ் கொடுங்கள். 1, 2, 3, 4 என எல்லாப் பைல்களையும் அதுவே வரிசையாக இணைத்துக் கொள்ளும்.

3. இரண்டாவது டிஸ்க்கையும் சேர்க்க வேண்டும் என்றால் பைல் மெனுவில் அப்பெண்ட் என்பதைக் கிளிக் செய்து, டிஸ்க்2 போல்டரில் உள்ள முதல் விஓபி பைலைத் தேர்ந்தெடுக்கவும்.

4. இடது பக்கம் வீடியோ அவுட்புட், ஆடியோ அவுட்புட் என இரண்டு பெட்டிகள் இருக்கும். இரண்டிலும் காப்பி என்றே இருக்க வேண்டும். இதுதான் முக்கியம். வேறு எதையாவது தேர்ந்தெடுத்தால் சுருக்கும் வேலை தொடங்கிவிடும்.

5. அவுட்புட் பார்மட் என்பதில் எம்கேவி மக்சர் தேர்ந்தெடுத்து, ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்திடுங்கள்.

நடப்பது இணைப்பா, சுருக்கலா என்று எப்படித் தெரிந்து கொள்வது? இரண்டு அடையாளங்கள் உண்டு. இணைப்பு என்றால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சுருக்கல் என்றால் நெடுநேரம் ஓடும். மேலும், இணைத்த பைலின் அளவு, இணைத்த துண்டுகளின் கூட்டுத் தொகைக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும்.

இணைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லாத் துண்டுகளும் ஒரே வகையாக இருக்க வேண்டும். படத்தின் அளவு, விநாடிக்கு எத்தனை படம், எந்த வகைச் சுருக்கம், ஒலியின் வகை எல்லாம் ஒத்துப் போக வேண்டும். கல்யாண டிவிடியையும் செல்போனில் எடுத்த ரிசப்ஷன் காட்சியையும் அப்படியே ஒட்ட முடியாது. ஒன்றை மற்றதன் வகைக்கு மாற்றிய பிறகே ஒட்ட முடியும்.

இங்கே புதியவர்கள் மாட்டிக் கொள்ளும் இன்னொரு இடம் இருக்கிறது. இணைத்த பைல் 8 ஜிபி. பென் டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனால் காப்பி செய்யப் போனால், பைல் பெரியது, முடியாது என்று விண்டோஸ் மறுக்கிறது. பென் டிரைவ் கெட்டுப் போகவில்லை. அது பாட்32 என்ற முறையில் பார்மட் செய்யப்பட்டிருக்கிறது. அந்த முறையில் ஒரு தனிப் பைல் 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. பென் டிரைவில் உள்ளதை வேறிடத்தில் காப்பி செய்து வைத்துவிட்டு, எக்ஸ்பாட் முறையில் பார்மட் செய்திடுங்கள். பார்மட் செய்தால் உள்ளே உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். டிவியில் செருகிப் பார்ப்பதாக இருந்தால், உங்கள் டிவி எக்ஸ்பாட்டைப் படிக்கிறதா என்று முதலில் சோதித்துக் கொள்ளுங்கள்.

சுருக்கம் எப்படி நடக்கிறது?

வீடியோ என்பது விநாடிக்கு 25 படங்கள். 720 x 576 அளவுள்ள படங்களைச் சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 56 ஜிபி ஆகும். 4.7 ஜிபி டிவிடியில் 5 நிமிடம்தான் அடங்கும். (இந்த 4.7 ஜிபியை விண்டோஸ் 4.38 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, ஆயிரத்தில் எண்ணுவதற்கும் 1024-ல் எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு அது.)

அப்படியானால் இரண்டு மணி நேரக் கல்யாணம் அதே டிஸ்க்கில் எப்படி அடங்கியது? மணமேடையில் ஐயர் மந்திரம் சொல்கிறார் என்று வைத்துக் கொள்வோம். பின்னால் உள்ள பூ அலங்காரம் அசைவதில்லை. வாழை மரம் அசைவதில்லை. எனவே அரை விநாடிக்கு ஒரு முறை முழுப் படத்தையும் எழுதிவிட்டு, இடையில் உள்ள படங்களில் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறார்கள். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடுகிறார்கள். விட்டது விட்டதுதான். திரும்ப வராது.

கெட்டி மேளம் கொட்டியதும் நூறு பேர் ஒரே நேரத்தில் அட்சதை தூவுகிறார்கள். இப்போது படத்தின் ஒவ்வொரு மூலையிலும் மாற்றம். எழுத வேண்டியது பல மடங்காகிறது. ஒதுக்கிய இடமோ குறைவு. அதனால்தான் அளவுக்கு மீறிச் சுருக்கிய கல்யாண வீடியோவில், மிக முக்கியமான அந்த நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஹோமப் புகையிலும், ரிசப்ஷன் கலர் விளக்குகளிலும் இதே கதைதான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2000களில் ஸ்டுடியோக்கள் பயன்படுத்திய மினி டிவி கேசட்டில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 13 ஜிபி. அதைச் சுருக்கித்தான் டிவிடி செய்தார்கள். எனவே உங்கள் கைக்கு வந்ததே ஒரு ஜெராக்ஸ். நீங்கள் சுருக்கினால் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். அதை மறுபடி சுருக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது வேலை: சுருக்கும் முன் கணக்கு

வீடியோ எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது பிட்ரேட். ஒரு விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்பதுதான் அது. மனதில் வைத்துக் கொள்ள எளிய வாய்பாடு: 1000 கேபிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. 2000 என்றால் 900 எம்பி. 6000 என்றால் 2700 எம்பி. படம் 352 x 288 ஆக இருந்தாலும் 720 x 576 ஆக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவரின் கல்யாண வீடியோ இரண்டு டிவிடியில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 4 ஜிபி. மொத்தம் 3 மணி நேரம், 8 ஜிபி. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அதில் ஒரு பைல் 2 ஜிபி வரை அனுப்பலாம். கொஞ்சம் இடம் விட்டு 1900 எம்பி என்று வைத்துக் கொள்வோம்.

1900 எம்பியை 3 மணி நேரத்தால் வகுத்தால், மணிக்கு 633 எம்பி. இதை 0.45-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1400 கேபிபிஎஸ். இதில் ஒலிக்கு 128 போனால், படத்துக்குச் சுமார் 1270 மிஞ்சுகிறது. டிவிடியில் இருந்தது ஏறத்தாழ 6000. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். பயப்படத் தேவையில்லை. டிவிடியில் உள்ள எம்பெக்-2 பழைய முறை. 2003-ல் வந்த எச்.264 முறை, ஏறத்தாழ அதில் பாதி பிட்ரேட்டிலேயே அதே தரத்தைத் தரக் கூடியது. ஆக 1270 என்பது போனிலும் லேப்டாப்பிலும் பார்க்கப் போதும். பெரிய டிவியில் அட்சதைக் காட்சியில் கொஞ்சம் தடுமாறும்.

இதே வீடியோவை 32 ஜிபி பென் டிரைவில் வைக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால் பதில் வேறு. 8 ஜிபி அதில் தாராளமாக அடங்கும். சுருக்கவே வேண்டாம். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியிலும், ஜிமெயிலும் போட்டோவும் 7 ஜிபிக்கு மேல் எடுத்துக் கொள்ளாமல் இருந்தால் அடங்கிவிடும். இடம் இருக்கும்போது சுருக்குவது, காசு இருக்கும்போது கடன் வாங்குவது போன்றது.

விசிடிக்கு இது இன்னும் பொருந்தும். விசிடியில் படத்துக்கான பிட்ரேட் 1150 மட்டுமே. ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருப்பதை மேலும் இளைக்க வைக்காதீர்கள். மூன்று விசிடி சேர்ந்தால்கூட இரண்டரை ஜிபிதான். கல்யாணம்1.டேட், கல்யாணம்2.டேட் என்று பெயர் மாற்றி அப்படியே வைத்துக் கொள்ளுங்கள்.

ஹேண்ட்பிரேக்கில் சுருக்குவது

சுருக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற இலவசப் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இது பைல்களை இணைக்காது. சுருக்கும் வேலையை மட்டும் செய்யும். எனவே முதலில் அவிடெமக்ஸில் இணைத்த எம்கேவி பைலை இதில் திறக்கவும்.

1. பிரிசெட் பட்டியலில் பாஸ்ட் 576பி25 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். நம் நாட்டு டிவிடிக்கு ஏற்றது இது. பார்மட் எம்பி4 என்று இருக்கட்டும்.

2. பில்டர்ஸ் டேபில் டீஇன்டர்லேஸ் அமைப்பைக் கவனியுங்கள். பழைய டிவிக்காக எடுத்த வீடியோவில் கை அசைந்தால் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். அதைச் சரி செய்வது இந்த அமைப்புதான். டீகோம்ப் தேர்ந்தெடுத்தால் போதும்.

3. வீடியோ டேபில் இரண்டு வழிகள் உண்டு. அளவு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, தரம் வேண்டும் என்றால் கான்ஸ்டண்ட் குவாலிட்டியில் ஆர்எப் 20 வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். டிவிடிக்கு 18 முதல் 22 வரை சரியாக இருக்கும். குறிப்பிட்ட அளவுக்குள் அடங்கியே ஆக வேண்டும் என்றால் அவரேஜ் பிட்ரேட்டில் நாம் கணக்கிட்ட 1270-ஐக் கொடுத்து, 2-பாஸ் (புதிய பதிப்புகளில் மல்டி-பாஸ்) என்பதையும் டிக் செய்திடுங்கள். முதல் முறை வீடியோவை முழுவதும் படித்து எங்கே அசைவு அதிகம் என்று பார்த்துக் கொள்ளும். இரண்டாம் முறை அட்சதைக்கு அதிகமும், சும்மா உட்கார்ந்திருக்கும் விருந்தினருக்குக் குறைவுமாகப் பங்கு போடும்.

4. ஆடியோ டேபில் ஏஏசி, 128 என்று வையுங்கள்.

5. உடனே முழுவதையும் ஓட்ட வேண்டாம். ரேஞ்ச் என்ற இடத்தில் செகண்ட்ஸ் தேர்ந்தெடுத்து, தாலி கட்டும் இரண்டு நிமிடத்தை மட்டும் முதலில் சுருக்கிப் பாருங்கள். அந்த இரண்டு நிமிடம் நன்றாக வந்தால் மீதி மூன்று மணி நேரமும் நன்றாக வரும்.

6. திருப்தி என்றால் ரேஞ்சைப் பழையபடி மாற்றி, ஸ்டார்ட் என்கோட் கொடுங்கள்.

சாதாரண லேப்டாப்பில் இது நெடுநேரம் ஓடும். இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது தொடங்கிவிட்டால் காலையில் திரும்பும்போது பெரும்பாலும் முடிந்திருக்கும். சார்ஜரை இணைத்து வையுங்கள். லேப்டாப் தானாகத் தூங்கப் போகும் ஸ்லீப் வசதியை அன்று மட்டும் நிறுத்தி வையுங்கள். பாதியில் நின்று போன எம்பி4 பைல் பெரும்பாலும் ஓடாது. முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முடிந்த பைலை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாகுமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள். வீடியோ என்று அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கிவிடும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

ஜிப் செய்தால் வீடியோ சின்னதாகும் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே சுருக்கிய பைல் என்பதால் 8 ஜிபி ஏறத்தாழ 8 ஜிபியாகவே இருக்கும்.

பைலின் பெயரில் விஓபி என்பதை எம்பி4 என்று மாற்றினால் பைல் மாறிவிடாது. போர்டை மாற்றினால் கடைக்குள் இருக்கும் சரக்கு மாறாது அல்லவா?

பிட்ரேட்டைக் கூட்டினால் தரம் கூடும் என்று விசிடியை 6000-ல் மாற்றாதீர்கள். இல்லாத நுணுக்கம் வராது, பைல்தான் பெருக்கும்.

சுருக்கிய பைலை மறுபடி சுருக்காதீர்கள். வேறு அளவு தேவைப்பட்டால் முதலில் காப்பி செய்து வைத்த மூலப் பைலிலிருந்தே மறுபடி எடுங்கள்.

இங்கே சொன்னதெல்லாம் உங்கள் சொந்த வீடியோவுக்குத்தான். கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளுக்குப் பூட்டும் உண்டு, காப்புரிமைச் சட்டமும் உண்டு.

அழிக்கும் முன் ஐந்து சோதனைகள்

இடம் வேண்டும் என்று மூலப் பைலில் டெலீட் கீயை அழுத்தும் முன் கீழ்க்கண்டவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

மொத்த நேரம் சரியாக இருக்கிறதா? ஒன்றரை மணியும் ஒன்றரை மணியும் சேர்ந்து மூன்று மணி வர வேண்டும். ஒட்டிய இடத்தில் படமோ ஒலியோ தடுக்குகிறதா? கடைசி ஐந்து நிமிடத்தில் பேசுபவரின் உதடும் குரலும் ஒத்துப் போகின்றனவா? ஒலி விலகினால் பெரும்பாலும் கடைசியில்தான் தெரியும். யாரும் குண்டாகவோ ஒல்லியாகவோ நீண்டு தெரிகிறார்களா? வேறொரு கம்ப்யூட்டரிலோ டிவியிலோ ஓடுகிறதா?

ஐந்தும் சரி என்றாலும், டிஸ்க்கிலிருந்து எடுத்த அந்த வீடியோ_டிஎஸ் போல்டரை அழிக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. சுருக்கிய பைல் பார்ப்பதற்கு; மூலப் பைல் வைத்திருப்பதற்கு. லேப்டாப்பில் இடம் இல்லை என்றால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, அவற்றில் ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஒரே வீட்டில் மூன்று பிரதி இருந்தாலும், வெள்ளம் வந்தால் மூன்றும் ஒன்றுதான். அடுத்த வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் முதல் டிஸ்க்கையாவது காப்பி செய்துவிடுங்கள்.